போடி என்னும் பெயர்

'போடி' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ்நாட்டவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே நினைப்பர். ஒன்று, தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்திலே ஏலக்காய் வணிகத்துக்குப் பேர்போன போடிநாயக்கனூர். அவ்வூரின் நீண்ட பெயரைப் போடி என்று சுருக்கி வழங்குவது அந்நாட்டு வழக்கம். மற்றையது, உரிமையுள்ள பெண்ணொருத்தியை ஊடலாகவோ கோபமாகவோ 'போ, அடி' என்று விலக்கும் பேச்சு. யாழ்ப்பாணத்தவருக்கும் இந்த இரண்டாவது பொருளே முன்னே வந்து நிற்கும். மட்டக்களப்பு வாவிக் கரையில் பிறந்தவனுக்கு மட்டும் அச்சொல் வயலையும் நெல்லையும் நினைவூட்டும். கந்தப்போடி, வேலாப்போடி, மாணிக்கப்போடி, சின்னப்போடி என்று அவனுடைய பாட்டன் முப்பாட்டன் பெயர்களில் ஏதேனும் ஒன்று அச்சொல்லைத் தாங்கி நின்றிருக்கும்.

இப்பெயர் வழங்கிய நிலம் பரப்பிலே மிகச் சிறியது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்கு இணையாகக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணற்கரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்கள் விரியும் கரை படுவான்கரை. ஞாயிறு எழுகின்ற கரை, படுகின்ற கரை என்று திசைக்கே பெயர்சூட்டிய மக்கள் இவர்கள். தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையிலும் இந்நாட்டு வழக்கம் ஒன்றே. 1961ஆம் ஆண்டிலே அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது வரைபடத்தில் கோடு விழுந்ததேயன்றி, பெயர்களில் விழவில்லை. இந்த எல்லையைக் கடந்து வடக்கே போனால் போடி என்ற ஈறு கொண்ட பெயரைக் காண்பது அரிது. யாழ்ப்பாணத்து வம்சாவளிகளிலே முதலியும் பிள்ளையும் நிறைய உண்டு. போடியைத் தேடுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவர்.

சொல்லின் பிறப்பைப் பற்றிப் பலவாறு கூறுவர். சிங்களத்திலே சிறியது என்னும் பொருள்பட வழங்கும் 'பொடி' என்ற சொல்லே இது என்பார் உளர். மலையகம் நோக்கிச் செல்லும் 'பொடி மெனிக்கே' புகையிரதத்தை அறியாதார் நம்மில் இல்லை; அந்தப் பொடிதான் இந்தப் போடி என்பது இவர்கள் கருத்து. இதனை நான் ஏற்பதற்கில்லை. சிங்களப் பெயர்களிலே அச்சொல் முன்னே நிற்கும். நம் பெயர்களிலே பின்னே நிற்கிறது. அது குறில், இது நெடில். பொருளோ நேர்மாறானது, ஊரிலே மிகப் பெரியவராக இருந்தவரைச் சிறியவர் என்று அழைக்க மாட்டார்கள். சிறுமை குறிக்கும் 'பொடி' தமிழிலும் உண்டு. நம் ஊர்களிலே சிறுவனைப் 'பொடியன்' என்கிறோம். அவனையும் போடியாரையும் ஒருவரென்று எந்தக் கிழவியும் மயங்கியதில்லை. மயக்கத்துக்குக் காரணம் ஆங்கில எழுத்து என்றே நினைக்கிறேன். அவ்வெழுத்திலே குறிலும் நெடிலும் ஒன்றாகவே தோன்றும். கச்சேரிப் பத்திரங்களை ஆங்கிலத்தில் படித்தவர்கள் வாயாற் சொல்லிப் பாராமலே ஆராய்ந்துவிட்டார்கள். 'போதி' என்ற பௌத்தச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். தகரம் டகரமாகும் விதியை அவர்கள்தாம் காட்டவேண்டும்.

வேரை விட்டுவிட்டு, அச்சொல் செய்த வேலையைப் பார்ப்பது பயனுடையது. மட்டக்களப்பு நாடு முற்காலத்தில் கண்டி அரசனுக்குத் திறை செலுத்தும் சிற்றரசர்களாலும் வன்னிமைகளாலும் ஆளப்பட்டது. 1602ஆம் ஆண்டிலே ஒல்லாந்துத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் இக்கரையில் இறங்கி, இங்குள்ள தலைவனைக் கண்ட பின்னரே கண்டிக்குப் பயணமானான். பின்பு போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாலே கண்டி மன்னன் கரைநாட்டை ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தான். கோட்டைக்குள் யார் இருந்தாலும் வயலில் நெல் விளைவித்து அளந்து கொடுக்க உள்நாட்டுத் தலைவர்கள் வேண்டியிருந்தனர். ஒல்லாந்தர் காலத்தின் கடைசி அதிகாரிகளுள் ஒருவரான ஜேக்கப் பேர்னாண்ட் 1794இல் தமக்குப் பின் வருபவருக்காக எழுதி வைத்த குறிப்பேட்டிலே இந்நாட்டின் நெற்செய்கையும் தலைவர்களும் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் வந்துவிட்டனர்.

போடி என்பது இத்தலைவர்களின் பட்டமாக இருந்து, ஆட்சி அவர்கள் கையை விட்டு நழுவ நழுவ, நிலமுடையோரின் பட்டமாக மாறியது. ஆங்கிலேயர் காலத்திலே வன்னியனார், உடையார், விதானையார் என்று அரசாங்கப் பதவிகள் தனியே அமைந்தன. போடியார் என்ற பெயருக்கு எந்த அரசாங்கமும் சம்பளம் கொடுக்கவில்லை. பல அவணம் விதைக்கக்கூடிய வயலும், மாட்டுப் பட்டியும், வயற்காரரும், அவர்களை மேற்பார்க்க முல்லைக்காரரும் உடையவர் போடியார், அவ்வளவுதான். தமிழருள் மட்டுமன்று, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடத்தும் பெரிய வயற்சொந்தக்காரர் போடியாரே. சமயம் வேறானாலும் நெல்லுக்குரிய மரியாதை ஒன்றாக இருந்தது.

நெற்பயிரையே 'வேளாண்மை' என்று அழைக்கும் நாடு இது. "வேளாண்மை எப்படி?" என்று ஒருவர் கேட்டால் அவர் உழவுத் தொழிலைப் பற்றிப் பொதுப்படப் பேசவில்லை; வயலில் நிற்கும் பயிரைத்தான் விசாரிக்கிறார். கவிஞர் நீலாவணன் தம் காவியத்துக்கு 'வேளாண்மை' என்று பெயர் வைத்தபோது வெளியூர் வாசகர் ஒன்றை நினைத்திருப்பர், இந்நாட்டவர் வேறொன்றை நினைத்திருப்பர். இத்தகைய நாட்டிலே போடி என்ற பட்டம் ஒருவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. முதலில் பிறர் அழைக்க ஒட்டியது. பின்பு பெற்றோரே பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்தனர். ஒரு காணித்துண்டும் இல்லாத சின்னப்போடிகளும் இவ்வாறு தோன்றினர்.

இப்போது அது அருகிவிட்டது. நான் படிப்பித்த காலத்திலே வகுப்பு வரவு இடாப்பை ஒரு நாள் இந்தக் கண்ணோடு வாசித்துப் பார்த்தேன். பிள்ளைகளின் பெயர் எதிலும் போடி இல்லை. தகப்பன் பெயருக்குரிய நிரலிலே இரண்டு இடத்தில் இருந்தது. பாட்டன் பெயருக்கு இடாப்பிலே நிரலே இல்லை. பெயர் எப்படி மறைகிறது என்பதை அந்தத் தாளே எனக்குக் காட்டியது.

தமிழருக்கு மேலைநாட்டாரைப் போலத் தலைமுறை தோறும் மாறாது வரும் குடும்பப் பெயர் இல்லை என்பது மாணவரும் அறிந்ததே. தந்தையின் பெயர் முன்னே நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னே நிற்கும். கந்தப்போடியின் மகன் கந்தப்போடி பேரின்பம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்திலே அவன் க. பேரின்பம் ஆகிறான். அந்த ஒற்றை முதலெழுத்துக்குள்ளே கந்தன் இருக்கிறான், போடி இல்லை. பேரின்பத்தின் மகனுக்கோ அந்தக் ககரமும் இல்லை, அவன் பே. என்று தொடங்குவான். ஆக இரண்டே தலைமுறை போதும். ஒரு சொல் பெயரின் வாற்பக்கத்தில் நின்றதனால், யாரும் அதை விலக்காமலே அது விழுந்துவிட்டது. முதலியார், செட்டியார் போன்ற பட்டங்களை வேறு ஊர்களிலே சிலர் குடும்பப் பெயராக்கிக்கொண்டு ஆங்கில முறைப்படி பின்னே எழுதினர். போடியை அவ்வாறு எழுத எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. நகரத்துக்குப் படிக்கப் போன இளைஞர் அதை நாட்டுப்புறத்து வாடையென்று எண்ணிக் கூச்சப்பட்டதை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொரு காரணம் இந்நாட்டுக்கே உரியது. மற்றைய இடங்களிலே நிலமும் பெயரும் பெரும்பாலும் மகனோடு சேர்ந்தே செல்லும். இங்கே வீடும் வயலும் சீதனமாகப் பெண்ணுக்குச் செல்லும். மணமகன்தான் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். போடியாரின் வயலை அவருக்குப் பின் விதைப்பித்தவர் மருமகன். போடியாரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே எழுதியவர் வேறோர் ஊரிலே மனைவி வீட்டில் வாழ்ந்த மகன். மகளோ மணமானதும் கணவன் பெயரை முன்னெழுதினாள். நிலத்தையும் பெயரையும் ஒருங்கே வைத்திருக்க ஒரு வீடும் இல்லை.

இதற்கு முந்திய ஏற்பாடு இன்னும் வியப்பானது. முக்குவர் சட்டம் என்று நீதிமன்றங்கள் ஏற்று நடத்திய பழைய வழக்கின்படி, முதுசொம் மகனுக்குச் செல்லாது. சகோதரியின் பிள்ளைகளுக்கே செல்லும். கிறிஸ்தோபர் பிரிட்டோ அதனை ஆராய்ந்து நூலாக்கினார். அந்நூல் வெளிவந்த 1876ஆம் ஆண்டிலேயே 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பிறந்து, அவ்வழக்கைச் சட்டத்திலிருந்து அகற்றிவிட்டது. எழுத்தில் ஏறிய ஆண்டும் எடுபட்ட ஆண்டும் ஒன்றாயின.

நிலத்துக்கும் அடி விழுந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் தெற்கு வயல்களின் நீரையும் குடியிருப்பையும் மாற்றியது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்கு உரிமை தந்தது. 1972ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணிக்கு 25 ஏக்கர் என்று எல்லை விதித்தது. பெரும்போடிமாரின் காலம் அதனோடு ஏறத்தாழ முடிந்தது.

அதற்காக அழவேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்றே சொல்வேன். போடியாரின் களத்திலே நெல் குவிந்தபோது, அதை விளைவித்த வயற்காரன் முன்பே வாங்கிய கடனுக்கு ஈடாகத் தன் பங்கை அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கடகத்தோடு போனதும் உண்டு. அவனுடைய பெயரின் ஈற்றிலே யாரும் எந்தப் பட்டத்தையும் ஒட்டவில்லை. பழம்பெருமை பேசுகிற நம் கட்டுரையாளர் சிலர் போடியாரின் விருந்தோம்பலை மட்டும் வருணித்துவிட்டு நிறுத்திக்கொள்வதை நான் விரும்புவதில்லை. ஆனால் பட்டம் போகட்டும் என்பது வேறு. பெயர் எழுதப்படாமற் போகட்டும் என்பது வேறு. படுவான்கரையிலே இன்றும் ஒரு காணி யாருடையது என்ற கேள்வி எழும்போது தேடப்படுவது பாட்டனின் பெயர். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனபோது பெட்டகத்திலிருந்த உறுதிகளையும் நனைத்தது. 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதி கண்ட படுகொலைகளும், அவற்றுக்கு முன்னும் பின்னும் நேர்ந்த இடப்பெயர்வுகளும் கடதாசியை மட்டுமன்றி, கடதாசியை விளக்கிச் சொல்லக்கூடிய மனிதரையும் கொண்டுபோயின. எழுவான்கரையிலே 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எஞ்சியதை எடுத்தது. உறுதியின் பழைய பிரதி கிடைத்தாலும், அதிலே ஓரிடத்தில் கந்தப்போடி, ஓரிடத்தில் கந்தப்பொடி, ஓரிடத்தில் கந்தப்போடியார் என்று இருக்கும். மூவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டிய பேரன் கையிலுள்ள அடையாள அட்டையிலோ அம்மூன்றில் ஒன்றும் இல்லை.

இதே வாவிக்கரையில் வாழும் பறங்கியரின் நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்ற வழித்தோன்றல்கள்; போர்த்துக்கீசக் கலப்பு மொழியொன்றை வீட்டிலே காத்து வந்தவர்கள்; தொகையிலே மிகச் சிறியவர்கள். பார்த்தெலோத், பல்தசார், செல்லர், அவுட்ஸ்கூர்ன் என்னும் அவர்களது குடும்பப் பெயர்கள் ஒவ்வொன்றையும் தாங்குவோர் சில வீட்டாரே. ஆயினும் தந்தை பெயர் மாறாமற் பிள்ளைக்கு வருவதனால் அப்பெயர்கள் எங்கு போனாலும் அடையாளம் காணப்படுகின்றன. 1918இல் கொழும்பிலே பிறந்து, இங்கிலாந்தின் வோர்செஸ்டர்ஷயர் அணிக்காக 1946 முதல் 1959 வரை ஆடிய லாடி அவுட்ஸ்கூர்ன் என்ற துடுப்பாட்ட வீரரின் பெயரை ஒரு பழைய விளையாட்டுப் பக்கத்தில் கண்டபோது, மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த அதே பெயர் உடனே நினைவில் எழுந்தது. கந்தப்போடியின் பேரன் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பெரும்புகழ் பெற்றாலும், பெயரைக் கொண்டு அவனை நாம் கண்டுபிடிக்கப்போவதில்லை.

குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மவரிடம் இல்லவே இல்லை என்று இவ்வளவு தூரம் சொல்லிவந்தாலும், மட்டக்களப்பார்க்கு அதற்கு இணையான ஒன்று உண்டு. அதுதான் குடி. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்னும் ஊர்ப்பெயர்களில் வரும் குடி வேறு, இது மக்கட்குடி. படையாண்ட குடி, காலிங்கா குடி, பணிக்கனார் குடி என்று குடிகள் பல. பிள்ளை எப்போதும் தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடியிற் பிறந்தவர் தமக்குள் மணம் செய்வதில்லை. இத்தாய்வழிக்கு 'வயிற்றுவார்' என்றொரு சொல் வழங்குகிறது. வயிற்றிலிருந்து வயிற்றுக்குத் தொடர்ந்து செல்லும் வார். கொப்பூழ்க்கொடியை நினைத்துச் சொன்னார்களோ, தோல்வாரை நினைத்துச் சொன்னார்களோ, இதனினும் பொருத்தமான சொல்லை எந்த மானிடவியலாரும் ஆக்கியிருக்க முடியாது. முஸ்லிம்களிடத்தும் குடி உண்டு. பள்ளிவாசல் மரைக்காயர்களைக் குடிக்கொருவராகத் தெரிவதும் வழக்கம். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'த்திலும், 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'த்திலும் இக்குடிகளைப் பற்றிய செய்திகள் நிரம்ப உண்டு. அக்கரைப்பற்றிலே தங்கிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலிலும் குடியே நடுநாயகம்.

இந்தக் குடிப்பெயர் பிறப்புப் பதிவில் இல்லை. அடையாள அட்டையிலும் வாக்காளர் இடாப்பிலும் இல்லை. அரசாங்கத்தின் எந்தத் தாளும் அதைக் கேட்டதில்லை. ஆயினும் போடியைப் போல அது மறைந்துவிடவில்லை. காரணம் கோயில். எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, வண்ணக்கர் எந்தக் குடியிலிருந்து வரவேண்டும், பங்கு எந்த வரிசையிலே கொடுக்கப்படும் என்பன யாவும் குடியைக் கொண்டே நடக்கின்றன. வரிசை பிசகினால் வழக்கு நீதிமன்றம் வரை போகும். அந்தப் பிடிவாதத்தை நம்மிற் பலர் பரிகசிப்பதுண்டு. ஒரு பெயரை நூற்றாண்டுக்கணக்கில் எழுத்தின் துணையின்றிக் காத்தது அந்தப் பிடிவாதந்தான் என்பதையும் சொல்லியாகவேண்டும். மணப்பேச்சு ஒன்று தொடங்கினாலும் குடி விசாரிக்கப்படும். பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டாலும் அம்மம்மாவுக்குத் தெரியும்.

மண்முனைத் துறையிலே முன்பு ஓடம் ஏறித்தான் கொக்கட்டிச்சோலைக்குப் போகவேண்டும். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. இப்போது தான்தோன்றீசுவரர் தேருக்கு எழுவான்கரையிலிருந்து போகிறவர்கள் சில நிமிடத்திலே வாவியைக் கடந்துவிடுகிறார்கள். அக்கோயிலின் உரிமைக் குடிகளுள் ஒன்று உலகிப்போடி குடி. அக்குடிக்குப் பெயர் தந்த உலகிப்போடி யாரோ ஒரு பெருந்தலைவன்; அவன் ஆண்மக்கள் அவன் பெயரைத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றதில்லை. அவர்கள் மணம் முடித்த வீடுகளில் வேறு குடிப் பிள்ளைகள் பிறந்தனர். அப்பெயரைச் சுமந்து வந்தவர்கள் பெண்கள். தாய் மகளுக்கும், அவள் தன் மகளுக்குமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். உலகிப்போடி குடியிற் பிறந்த ஒரு பெண்குழந்தை இன்று மட்டக்களப்பு வைத்தியசாலையிலே பதிவு செய்யப்படும்போது தகப்பன் பெயரும் அவள் பெயரும் எழுதப்படுகின்றன. மற்றதை, முப்பத்தொன்றுக்கு வீட்டுக்கு வரும் கிழவிகள் தாயிடம் கேட்டு அறிந்துகொள்கிறார்கள்.